தம்பியின் மணிக்கட்டு

காவல் தலைமையகத்தில் படிக்கட்டு இறங்கி அடித்தளத்துக்குப் போனால் இடது பக்கம் ஒரு கம்பிக் கதவு இருக்கும். அதற்குப் பின்னால்தான் ஆயுத அறை. ஜன்னல் கிடையாது. ரப்பர் விரித்த நீண்ட மேசை, எப்போதும் எரியும் குழல் விளக்குகள், எந்தச் சோப்புக்கும் போகாத எண்ணெய் வாடை. வெளியே மழையா வெயிலா என்பது, பிஸ்டல் கொண்டுவருகிறவர்களின் செருப்பையும் சட்டையையும் பார்த்தால்தான் தெரியும். அவர்களும் உள்ளே வருவதில்லை. கதவிலிருக்கும் சின்னத் திறப்பு வழியாகக் கையை நீட்டுவார்கள், கொடுப்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். அங்கே வேலை பார்த்த அந்தப் பெண்மணி ஆண்டுக்கணக்கில் முகங்களைவிடக் கைகளையே அதிகம் பார்த்தாள்.

கட்டடம் முழுக்க அவளுக்கு ஸ்பிரிங் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பிஸ்டலில் மற்ற பாகங்கள் சுலபத்தில் கெடாது. ஸ்பிரிங்தான் உழைத்துத் தேயும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்கிறது, ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளிப் பூட்டுகிறது. வலுவிழந்த ஸ்பிரிங் அதைச் சரியாகத் தள்ளாது. அதனால் அவள் ஒவ்வொரு பிஸ்டலாகக் கழற்றுவாள். ஸ்பிரிங்கின் நடுவே ஓடும் கைடு ராடு என்கிற தண்டில் கீறலோ வளைவோ இருக்கிறதா என்று விளக்கில் உருட்டிப் பார்ப்பாள். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால், பழையது வெயிலில் கிடந்த கயிறு மாதிரிக் குட்டையாகியிருக்கும். அதைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துப் பூட்டுவாள். பிடி நழுவினால் ஸ்பிரிங் கண்ணைத் தேடி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று அப்படித்தான் பறந்துபோய் மேலே குழல் விளக்கை உடைத்தது. அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் மேசைப் பக்கம் போவதில்லை.

அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவள் இளவயதிலேயே வேலைக்கு வந்தவள். அம்மாவும், பத்து வயது இளைய தம்பியும் அவள் பொறுப்பு. கல்யாணப் பேச்சு வந்தது, தள்ளிப்போனது, பிறகு யாரும் எடுக்கவில்லை. தம்பியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அவள்தான். அவனும் காவல்துறையில் சேர்ந்தான். அவனுடைய முதல் பிஸ்டலை அந்தத் திறப்பு வழியாகக் கொடுத்தவளும் அவள்தான்.

"இதைத் தொலைச்சுட்டு வீட்டுப் பக்கம் வந்துடாத" என்றாள்.

"நீ துடைச்சுக் குடுத்ததை யாராவது தொலைப்பாங்களாக்கா? மூக்குத் துடைச்சு விட்டதையே இன்னும் சொல்லிக் காட்டற" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கல்யாணம் ஆனதும் தம்பி பக்கத்துத் தெருவில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். ஆனாலும் வாரத்தில் பாதி நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான். ஒரு முறை அவன் மோட்டார் பைக்கிலிருந்து விழுந்தான். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான். "சுளுக்குதான், ஒண்ணுமில்ல" என்றான். சில வாரங்களில் கட்டு போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அதை மறந்தும் போனார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அது நடந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு கிடங்கில் திருட்டுச் சாமான் இறங்குவதாகத் தகவல் வந்து, தம்பியும் அவனுடைய வண்டி ஓட்டுநரும் போனார்கள். அந்த ஓட்டுநருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் ஓட்டுவான். தம்பிக்கு உயிர் நண்பன். கிடங்குக்குள்ளிருந்து ஒருவன் சுட்டான். தம்பி திருப்பிச் சுட்டான். ஒரு குண்டு போனது. அடுத்தது போகவில்லை. ஸ்லைடு முழுதாக மூடாமல் ஒரு நூலளவு பின்னால் நின்றுவிட்டது. அவன் அதைத் தட்டிச் சரிசெய்வதற்குள் எதிராளியின் குண்டு ஹாரனின் இடுப்பில் பாய்ந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் அந்தக் கால் பிறகு அவன் பேச்சைக் கேட்கவே இல்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி தம்பியின் பிஸ்டலை முத்திரையிட்ட பையில் கொண்டுவந்தார். கம்பிக் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டாள். பையைப் பிரித்து மேசையில் வைத்தார். அதே நேரம் அவருடைய செல்போன் அடித்தது. அடித்தளத்தில் யாருக்கும் பேச்சு சரியாகக் கேட்காது. "நீங்க பிரிச்சு வைங்கக்கா, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று அவர் படியேறிப் போனார். அவள் தனியாக நின்றாள்.

ஸ்லைடைக் கழற்றினாள். ஸ்பிரிங்கைத் தூக்கக் கட்டைவிரலை வைத்தவுடனே தெரிந்துவிட்டது. அது அவள் போட்ட ஸ்பிரிங் இல்லை. கம்பி மெலிது. அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. போட்டிக்குச் சுடுகிறவர்கள் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மென்மையான ரகம். அவர்களுடைய குண்டுகளுக்கு அது பொருந்தும், காவல்துறைக் குண்டுகளுக்குப் பொருந்தாது. இதை எவன் வாங்கிப் போட்டான், எதற்காகப் போட்டான் என்று யோசித்தபோதுதான் அந்த மணிக்கட்டுக் கட்டு நினைவுக்கு வந்தது. ஸ்லைடை இழுக்க இடது கை வேண்டும். அவனால் இழுக்க முடியவில்லை. சொன்னால் வெளிவேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் இழுக்க லேசாக இருக்கிற ஸ்பிரிங்கை வாங்கித் தானே மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். சரியான ஸ்பிரிங்குகள் வரிசையாக இருந்தன. புதிது என்று சந்தேகம் வராதபடி, அளவாகத் தேய்ந்த ஒன்றை எடுத்தாள். மாட்டுவதற்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும். மெலிந்த ஸ்பிரிங்கைத் தகர டப்பாவில் போட்டுக் கிளறிவிட்டால் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. மேலே அதிகாரி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. அவ்வளவு நேரம் அவளுக்குக் கிடைத்ததுதான் பிறகு அவளை வதைத்தது. யோசிக்க நேரமில்லை என்று யாரிடமும், தன்னிடமும்கூட, சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவள் நினைத்தது இதுதான். நம் ஸ்பிரிங்கே இருந்தது, நம் ஸ்பிரிங்தான் அவனைக் கைவிட்டது என்று எழுதினால், நாளைக்கு இந்தத் திறப்பு வழியாக வாங்கிப்போகும் ஒவ்வொருவனும் இடுப்பில் இருப்பதைச் சந்தேகத்தோடுதான் தொடுவான். ஹாரனின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில், "எப்படி ஆச்சு, யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே நின்றதும் கண்ணில் வந்தது. படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கையிலிருந்ததை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"என்னக்கா, ஏதாவது தெரியுதா?"

"ஸ்பிரிங் நம்மளோடது இல்ல சார்" என்றாள்.

அன்று மாலையே தம்பி வீட்டுக்கு வந்தான். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் உட்காரவில்லை.

"உன் ரூம்ல நீ மட்டும்தான இருந்த?"

"ஆமா."

"டிராயர் நிறைய ஸ்பிரிங் வச்சிருக்க. ஒண்ணு எடுத்துப் போட முடியலயா உனக்கு?"

"முடியும்."

"அப்புறம்?"

நினைத்ததையெல்லாம் அவனிடம் சொன்னால் சமாதானம் சொல்வதுபோல் இருக்கும் என்று பட்டது. "கை வலின்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் சொன்னாள்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே மேலதிகாரிகிட்ட போட்டுக் குடுத்திருப்ப" என்றான். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அவன் அவளிடம் பேசவில்லை.

அம்மா ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். "அவனுக்கு இப்ப ஆள் வேணும். நீ தைரியசாலி, தனியா இருந்துக்குவ" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "ஒரு கம்பிச் சுருளுக்காகக் கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுப்போடு சொன்னாள்.

தம்பியை முதலில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு பிஸ்டல் இல்லாமல், நகரத்தின் மறுகோடியிலிருந்த வாகனக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அவனும் வீட்டை அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டான். அவனுக்கு மகள் பிறந்த செய்தியை யாரோ ஒரு காவலர் ஸ்பிரிங் மாற்றிக்கொள்ள வந்தபோது சொன்னார். "உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டுவிட்டு, பிறகு சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றினார். கட்டடமே அவளை அக்கா என்றது. அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் மட்டும் கூப்பிடவில்லை.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று நினைத்தாள். சில விஷயங்கள் பழகின. ஒருத்திக்கு மட்டும் சமைப்பது பழகவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சியது. மாலையில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அடுத்த அறையில் போய் உட்காருவாள், வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருக்கும். கடைக்காரரிடம் மீதி வாங்கும்போது தன் குரல் கரகரத்தால்தான், அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது தெரியும். அறையில் வேலை செய்யும்போது பிஸ்டல்களோடு பேச ஆரம்பித்திருந்தாள். "வா வா, உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்பாள் ஒன்றிடம். "இப்படியா அழுக்கா வருவ?" என்பாள் இன்னொன்றிடம்.

சில ஆண்டுகள் கழித்து ஹாரனை அந்த அடித்தளத்துக்கே போட்டார்கள். வண்டி ஓட்ட முடியாதவனை வேறென்ன செய்வது? கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியும், ஊன்றுகோல் சாய்த்து வைக்க ஒரு மூலையும் கொடுத்தார்கள். வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து அனுப்புவது அவன் வேலை. ஹாரன் இருக்கிற இடத்தில் அமைதி இருக்காது. விலைவாசி, மனைவியின் அண்ணன் செய்த அக்கிரமம், தன் இடுப்பில் இருக்கும் இரும்புத் தகடு மழைக்கு முன்பே குளிர்வது, எல்லாவற்றையும் கதவு வழியாகச் சொல்வான். அவள் வேலையை நிறுத்தாமல் "ம்" போடுவாள். அந்த "ம்" சொல்வதற்காகவே காலையில் சீக்கிரம் வந்தாள்.

தம்பியைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஒருநாள் அவளே கேட்டாள்.

"உனக்கு அவன்மேல கோபம் இருக்கா?"

ஹாரன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "இல்லக்கா. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆஸ்பத்திரில முதல் ராத்திரி முழுக்க என் பக்கத்துலயேதான் இருந்தான். கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினான். விசாரணைல விஷயம் வெளிய வந்ததும் அப்படியே நின்னுடுச்சு. என் முகத்துல முழிக்க வெட்கம் அவனுக்கு."

அவள் கையிலிருந்த கைடு ராடை ரப்பர் விரிப்பில் வைத்தாள். "நான் சொல்லாம இருந்திருந்தா?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க நியாயத்தைத்தான் சொன்னீங்க, யாரு இல்லன்னது? ஆனா என்னைக் கேட்டா, சொல்லாமலே இருந்திருக்கலாம். காலும் போச்சு, அவனும் போய்ட்டான். கால் மட்டும் போயிருந்தா சமாளிச்சிருப்பேன்."

அவன் வருத்தப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் இவனுக்காகவாவது செய்தோமே என்று இத்தனை ஆண்டுகள் அவள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் அன்று போய்விட்டது. அந்த வார விடுமுறையில் இரண்டு பஸ் மாறித் தம்பியின் வீட்டுக்குப் போனாள். மணி அடித்தாள். அம்மா கதவைத் திறந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"அவன் வீட்ல இல்லம்மா."

வாசலில் அவனுடைய ஷூ கிடந்தது. குதிகால் பக்கத்தை மிதித்து மிதித்து மடக்கிப் போடும் பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை இருவருமே பார்த்தார்கள். "தண்ணி குடிக்கிறியா?" என்று அம்மா கேட்டாள். நின்றுகொண்டே குடித்துவிட்டுத் திரும்பினாள்.

ஒரு நாள் மதியம், திறப்பு வழியாக ஒரு இடது கை வந்தது. மணிக்கட்டின் குறுக்கே தையல் போட்ட தழும்பு. முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. ஹாரன் அந்நேரம் டீ குடிக்க மேலே போயிருந்தான்.

"பிஸ்டல் வாங்கணும். அனுப்பியிருக்காங்க" என்றான், யாரோ எவரிடமோ பேசுவதுபோல்.

கைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவரிடம் சான்று வாங்கி, வெளிவேலைக்குத் திரும்ப விண்ணப்பித்திருந்தான். மேலே சம்மதித்துவிட்டார்கள். இப்படித் திரும்ப வாங்குகிறவர்கள் ஆயுத அறையில் அவள் கண்ணெதிரே ஸ்லைடை இழுத்துக் காட்ட வேண்டும், அவள் சரி சொல்ல வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

"உள்ள வா" என்று கதவைத் திறந்தாள்.

தலையில் அங்கங்கே நரை விழுந்திருந்தது. அவள் பிஸ்டலைக் கழற்றி, புது ஸ்பிரிங்கையும் கைடு ராடையும் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். புது ஸ்பிரிங் முரண்டுபிடிக்கும், நல்ல கைக்கே சிரமம். பக்கத்தில் தகர டப்பா நிறையப் பழைய, தளர்ந்த ஸ்பிரிங்குகள் கிடந்தன. அவன் பார்வை ஒரு முறை அந்த டப்பாவுக்குப் போய்த் திரும்பியது. அவளும் அதைக் கவனித்தாள். பூட்டி, குண்டு இல்லை என்று காட்டி, அவன் முன்னால் வைத்தாள்.

முதல் தடவை சுத்தமாக இழுத்தான். இரண்டாவது தடவையும். அதற்கப்புறம் இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். அடுத்த தடவை ஸ்லைடு பாதியில் நின்றது. மறுபடி இழுத்தான், வந்துவிட்டது. நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"கட்டுப் போட்டுக்கிட்டு எனக்கு எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிட்ட. நான் ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கேக்கறேன். வலிக்குதாடா?"

அவன் பிஸ்டலை மேசையில் வைத்தான். வலது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குது. இதை இழுக்கறதுக்கு மட்டும் இல்ல. சட்டைப் பொத்தான் போட வலிக்குது. பாப்பாவைத் தூக்கினா வலிக்குது. டாக்டர்கிட்டகூட இல்லன்னுதான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்குடா வந்த?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

குழல் விளக்கு ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை நகர்த்தினாள், அவன் உட்காரவில்லை.

"நீ அன்னைக்கு மாத்தி வச்சிருந்தா, அதே ஸ்பிரிங்கை மறுபடி வாங்கிப் போட்டுக்கிட்டு இன்னொருத்தனைச் சாகவே குடுத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்" என்றான். "தெரிஞ்சும் கோபம் போக மாட்டேங்குது. என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"மேல போய் நானே சொல்லிடறேன். நீ எதுவும் எழுதாத" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். இந்த முறை அவள் எழுதவில்லை.

அவன் படியேறும்போது, மேலிருந்து ஊன்றுகோல் சத்தம் இறங்கி வந்தது. இரண்டு சத்தமும் நின்றன. அவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஹாரனின் குரல், "டேய்!" என்றது. தம்பி ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. விசும்பலா சிரிப்பா என்று தெரியாமல் ஒரு சத்தம். அப்புறம் சந்தேகமில்லாமல் சிரிப்பு, இரண்டு பேருடையதும். "முதல்ல டீ குடிக்கலாம் வா, நான் இப்பதான் குடிச்சேன், பரவாயில்ல" என்றான் ஹாரன். காலடிகள் மெல்ல மேலே போயின.

கூப்பிடுவார்களோ என்று அவள் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். பிறகு மூடினாள். தம்பிக்காகப் பூட்டிய பிஸ்டலைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அவன் சொன்னபடியே மேலே போய்ச் சொன்னான். திட்டினார்கள், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவசர அழைப்புகளை எடுக்கும் அறையில் போட்டார்கள். பதறிக் கூப்பிடுகிறவர்களிடம் நிதானமாகப் பேச அவனுக்கு நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது இரண்டாவது மாடி. ஹாரன் இடைவேளை கிடைத்தாலே லிஃப்ட் பிடித்து நண்பனைப் பார்க்கப் போய்விடுவான். கம்பிக் கதவுக்கு வெளியே நாற்காலி பாதி நேரம் காலியாக இருந்தது. அவள் மறுபடியும் பிஸ்டல்களோடு பேசிக்கொண்டிருந்தாள். ஹாரன் திரும்பி வந்து மேலே நடந்த வேடிக்கையெல்லாம் சொல்வான். தம்பியின் பேச்சு இப்போது தாராளமாக வந்தது. ஒருவர் மூலமாகவாவது வருகிறதே என்று கேட்டுக்கொள்வாள்.

ஒரு மாதம் போயிருக்கும். அம்மா போன் பண்ணினாள். "ஞாயித்துக்கிழமை வா" என்றாள். அவன் சொல்லித்தான் கூப்பிடுகிறாளா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள்.

அப்போதிலிருந்து போய்வருகிறாள். தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசுகிறாள். மகள், "அத்தை, நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டாள். ஸ்பிரிங் மாற்றுகிற வேலை என்றதும், "எங்க கட்டில் மேல குதிச்சா கிறீச்சுன்னு சத்தம் வருது, அதை மாத்துவீங்களா?" என்றாள். தம்பி அவள் வந்த கொஞ்ச நேரத்தில் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவான். சாப்பிடும்போது எதிரில் உட்காருவான், உப்பைத் தள்ளிவைப்பான். பேச்சு அம்மாவின் கண் ஆபரேஷனைத் தாண்டிப் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. யாரும் சொல்லாமல் அவனே குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததில் அவனுடைய ஒரு தோள் முழுக்க நனைந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. பஸ் வர வெகுநேரமாயிற்று. இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்க மழைநீர், அவன் இன்னும் நிற்கிறானா போய்விட்டானா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றினாள், டிவியைப் போட்டாள், மறுநாள் உடுத்த வேண்டியதை மடித்து நாற்காலியில் வைத்தாள்.